இடது முன்சக்கரம்

இல்லக்கா, கண்ணாடிய ஏத்தாதீங்க. குளுருதுன்னு தெரியுது, சால்வைய இழுத்துப் போத்திக்குங்க. கண்ணாடி தொறந்திருந்தாத்தான் சக்கரத்துச் சத்தம் ரோட்டோரச் செவுத்துல பட்டுத் திரும்பி உள்ள வரும். ட்ரையல் பாக்குறதுன்னா அப்படித்தான். பட்டறையில நிறுத்தி உறும விட்டுப் பாத்தா எல்லா வண்டியும் யோக்கியந்தான். ஏத்தத்துல, எறக்கத்துல, வளைவுல கூட்டிட்டுப் போயி நாலு கேள்வி கேட்டாத்தான் வாயத் தொறக்கும்.

என்ன, கைய அங்க காட்டுறீங்க? ரேடியோவா? ஓடுதா அது? அணைங்க, அணைங்க. சாவியத் திருப்புனாலே பாட ஆரம்பிச்சிடும்போல. எல்லாம் உங்க மவன் எலோய் பண்ற வேல. பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டுனா, அடியில ஏதாவது கழண்டு விழுந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?

சத்தமாவா பேசுறேன்? பட்டறைப் பழக்கம்க்கா. இரும்ப அடிக்கிற எடத்துல மெல்லப் பேசுனா யாரு கேப்பா, சொல்லுங்க.

சரி, இப்பச் சொல்லுங்க. எந்தப் பக்கம்? அப்படியில்ல, என் பக்கமா முகத்தத் திருப்பிச் சொல்லுங்க. ரோட்டப் பாத்துக்கிட்டுச் சொன்னா பாதிய காத்து அள்ளிட்டுப் போயிடுது. இடது முன்பக்கம். ஸ்டேரிங் இருக்குற பக்கந்தான், என் காலுக்குக் கீழ. சரி. எப்படிச் சத்தம்? தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரியா? இல்ல. சோளம் அரைக்கிற கல்லு மாதிரியா? ஆங், அப்படி. கொர்ர்ருன்னு. அம்பதுக்கு மேல போனா வருது, வேகம் கூடக் கூடக் கூடுது. சரி சரி, கேக்குது, எனக்கும் கேக்குது. பயப்படாதீங்க.

பயப்பட என்ன இருக்கு. போன வாரந்தான் நானே என் கையால இடது முன்சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டேன். செவேரோ தார்க்கி போட்ட பேரிங்கு. வில்யா ஃபாத்திமா வேன் ஸ்டாண்டுல போயிக் கேட்டுப் பாருங்க. மத்த மெக்கானிக்கெல்லாம் மீட்டர் வச்ச ஸ்பேனர்ல நட்ட முறுக்கி, டக்குன்னு சொன்னதும் நிறுத்திடுவான். நான் ஒரு கையால சக்கரத்தச் சுத்திக்கிட்டே மறு கையால முறுக்குவேன். சுத்துற சத்தம் ஒரு எடத்துல மாறும். அதுவரைக்கும் பாடிக்கிட்டு இருந்தது முனங்க ஆரம்பிக்கும். அந்த எடத்துல நிறுத்தி, கால் சுத்து பின்னால விட்டுடணும். அம்புட்டுத்தான். அதுக்கு மேல முறுக்குனா பேரிங் சூடேறிக் கருகிடும், கொறைவா விட்டா சக்கரம் ஆடும். காதுதான் என் அளவு. அளவெடுக்குற கருவிய நான் இந்தக் கையால தொட்டதே இல்ல.

அதனாலதான என்னோட சாக்பீஸ் சிலுவைக்கு அம்புட்டு மதிப்பு. பாதிரியாரு தண்ணி தெளிச்சுட்டுப் போனாலும், டயர்ல என் சிலுவை இல்லன்னா அந்த வண்டியில ஒரு மூட்ட ஏத்த மாட்டாங்க ஸ்டாண்டுல. நீங்களும் அதுக்குத்தான வந்திருக்கீங்க. நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு எலோய் கொரோய்கோ திருவிழாவுக்குக் கெளம்புறான். பதினாலு பேரு. நம்ம தெரு பேண்டு கோஷ்டி மொத்தமும், கூரை மேல டிரம்மும் ஊதுகொம்பும். இந்த மலையில எறங்கணும். நான் சிலுவை போட்டாப் போவான், போடலன்னா போவ மாட்டான். தெரியும்க்கா. ராத்திரியெல்லாம் அதேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

தொடையில ஏதோ துடிக்குது, இருங்க. போனு. என் மவ எல்வாதான், உங்க ஞானப் புள்ள. எடுக்கல, வண்டி ஓட்டுறப்ப எடுக்கக் கூடாது. போன்ல மைக்கு ரிப்பேருன்னு அவளுக்கு எழுதி அனுப்பிட்டேன், ஆனாலும் அடிச்சுக்கிட்டே இருப்பா. பிடிவாதம். உங்க கையில ஞானஸ்நானம் வாங்குனவ, வேற எப்படி இருப்பா? சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிச்சு நாளாச்சு நாம.

பாத்தீங்களா, ஸ்டேரிங் ஆடல. கைய வச்சுப் பாருங்க, வையுங்க. ஸ்டேரிங்ல வாப்ளிங் அடிச்சா முன்சக்கரம் பேலன்ஸ் இல்லன்னு அர்த்தம். ஸ்டேரிங் சும்மா இருந்து உக்காந்த எடம் அதிர்ந்தா பின்சக்கரம். தரை முழுக்க ஒரே சீரா அதிர்ந்தா நடுவுல ஓடுற ஷாஃப்ட். பிரேக்க மிதிக்கறப்ப மட்டும் கால் உதறுதுன்னா டிஸ்க் வளைஞ்சிருக்கு. வண்டி காதுக்கு மட்டும் சொல்றதில்லக்கா. கைக்குச் சொல்லும், பாதத்துக்குச் சொல்லும், பல்லுக்குக்கூடச் சொல்லும். அதான் பாருங்க, இன்னிக்கு செருப்பக் கழட்டி வச்சுட்டு வெறுங்கால்ல ஓட்டுறேன். முன்னெல்லாம் இப்படி ஓட்டுனதில்ல. ஒரு புது முறை. வயசாகுதுல்ல, மனுசன் புதுசாக் கத்துக்கணும்.

எதுக்குத் தோள்ல தட்டுறீங்க? பின்னால? அட, பஸ்ஸா. போகட்டும் போகட்டும். ஏன் இப்படி முறைச்சுக்கிட்டுப் போறான்? ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டு வர்றானா? நான் வேணும்னுதான் வழி விடல. சக்கரத்தக் கேக்குறப்ப ஹாரனெல்லாம் காதுல வாங்கிக்கிறதில்ல. கவனம் ஒரு எடத்துல இருக்கணும்.

செக்போஸ்ட் வந்துடுச்சு. நீங்க கொஞ்சம் பேசிடுங்கக்கா. இவன் மூக்கு வரைக்கும் கம்பளியச் சுத்திக்கிட்டு நிக்கிறான், கண்ணு மட்டுந்தான் தெரியுது. வணக்கம் சார், வணக்கம்! ட்ரையல் சார்! ஆமா சார், ஆமா!

என்ன கேட்டான்? நீங்க சொல்லிட்டீங்களா. நல்லது. என்னது, நான் ஆமா ஆமான்னதுக்கா சிரிச்சான்? குடிச்சிருக்கியான்னா கேட்டான்? போச்சு போங்க. நல்லவேள நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் சக்கரத்து நெனப்புலயே இருந்துட்டேன்.

கும்ப்ரே உச்சி வரப்போவுது. நாய்ங்க நிக்குது பாருங்க, வரிசையா. அந்த ரொட்டிப் பைய எடுங்க. தூக்கிப் போடுங்க, ஒண்ணு ஒண்ணாப் போடுங்க, அந்தக் கருப்புக்கும். இதுங்களுக்குப் போடாமக் கீழ எறங்குனவன் எவனும் நல்லபடியாத் திரும்புனதில்லம்பாங்க. நான் அதெல்லாம் நம்புறதில்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் ஒரு காலத்துல. இன்னிக்கு நாலு ரொட்டி கூடவே வாங்கிட்டு வந்தேன்.

நிறுத்துறேன், ரெண்டு நிமிசம். ஸ்பிரிட்டு பாட்டில் உங்க காலடியில கெடக்கு, குடுங்க. தாயே, பூமித்தாயே, இந்தா, உனக்கு. இந்தா, இன்னொரு மடக்கு. நாலு சக்கரத்துக்கும் ஒரு சொட்டு. இடது முன்சக்கரத்துக்கு ரெண்டு. மன்னிச்சுக்கோ, தாயே.

ஆமாக்கா, இன்னிக்குக் கொஞ்சம் சாஸ்தியாத்தான் ஊத்துனேன். சும்மா எதுக்குப் பொய் சொல்லணும். எனக்குப் பயமா இருக்குக்கா. இந்த எறக்கத்துல ஆயிரந்தடவ எறங்கியிருக்கேன், ஒரு தடவகூட இப்படிப் பயந்ததில்ல. கீழ பாருங்க, பஞ்சு மூட்டைய அவுத்துக் கொட்டுன மாதிரி பனி. மழக்காலம் இன்னும் முடியல. நேத்துகூட கீழ உந்துவாவி ஊருகிட்ட மண்ணு சரிஞ்சுதாம். திரும்பிடலாமா? திரும்பிடலாம்னு சொல்லுங்களேன். இல்ல, வேணாம். எறக்கத்துலதான வண்டி உண்மையச் சொல்லும். பதினாலு பேரு. போவோம்.

கொக்கா இல வேணுமா? இந்தாங்க, கன்னத்துல ஒதுக்கிக்குங்க. வயித்தப் பெரட்டாது.

பூமித்தாய்க்குப் பீர் ஊத்தி இந்த வண்டிக்கு ச்சல்யா பூசை பண்ணுனது ஞாபகம் இருக்கா? கார்னிவல் செவ்வாக்கெழம, என் பட்டறையில. நீங்கதான் பூமாலையெல்லாம் வாங்கிட்டு வந்தீங்க. முன்னால வண்ணக் காயிதம், கண்ணாடியில சுருள் சுருளா, நாலு டயருக்கும் பீர். என் ஸ்பேனருங்களுக்கும் சுருள் சுத்தி, பீர் தெளிச்சு, மேசையில வரிசையாப் படுக்க வச்சாச்சு. அன்னிக்கு அதுங்களும் விருந்தாளிங்க. ச்சல்யா ஆரம்பிச்சுட்டா மறுநாள் காலை வரைக்கும் எவனும் ஆயுதத்தத் தொடக் கூடாது. பூமித்தாய் குடிச்சுக்கிட்டு இருக்கா, அந்த நேரத்துல இரும்பால தொந்தரவு பண்ணக் கூடாது. எனக்குத் தெரியாதா? நானே எத்தன பேர அதுக்காகத் திட்டியிருக்கேன்.

ஆனா அடியில ஒரே ஒரு நட்டு பாக்கி இருந்துச்சு. கைமுறுக்கா விட்டு வச்சிருந்தேன். நீங்கல்லாம் வந்து எறங்கவும், மாலையும் பீரும் பாட்டுமா ஆயிடுச்சு. கிளாஸ் கையில இருக்கு, மனசு நட்டுல இருக்கு. எலோய் ராத்திரியே எடுத்துட்டுப் போயிடுவானே, மறந்துட்டா என்னாவுறதுன்னு, யாரும் பாக்காதப்ப ஒரு ஸ்பேனர உருவிக்கிட்டு, வண்டிக்கு அடியில இருக்குற பட்டறைக் குழிக்குள்ள எறங்கிட்டேன். சுருளு அதுல தொங்கிக்கிட்டே இருந்துச்சு. வண்டிக்கு அடியில நின்னுக்கிட்டு, தலைய சக்கரத்துக்கிட்ட குடுத்து முறுக்குறேன். மேல உங்க மவன், நான் அங்க இருக்கேன்னு அவனுக்கு எங்க தெரியும், முன் பம்பர்ல சரவெடியக் கட்டிப் பத்த வச்சுட்டான்.

மூணு ஆள் நீளச் சரம். எம்புட்டு நேரம் வெடிச்சுது, ஒரு நிமிசம்? எனக்கு ஒரு வருசம். குழிக்குள்ள அந்தச் சத்தம் வெளிய போக வழியில்ல பாருங்க.

நான் ஏறி வந்தப்ப தலையெல்லாம் காயிதத் துணுக்கு, மூஞ்சியெல்லாம் கரி. நீங்கல்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். எலோய் ஓடி வந்து கட்டிப் புடிச்சு என்னென்னமோ சொன்னான். ஒண்ணும் ஆவலடா, ஒண்ணும் ஆவலன்னு சொன்னேன். நீங்க ஒரு கிளாஸ் நீட்டுனீங்க. குடிச்சேன். நல்ல பீரு அது.

சரி, விடுங்க. எறக்கம் ஆரம்பிச்சுடுச்சு. இப்ப பாருங்க, நியூட்ரல்ல போடுறேன். கொஞ்ச தூரந்தான், பயப்படாதீங்க, பிரேக் மேல கால் இருக்கு. எஞ்சின்ல கோளாறுன்னா சத்தம் இப்ப நிக்கணும். நின்னுச்சா? சொல்லுங்க, நின்னுச்சா? நிக்கல. அதேதான், நானும் கேட்டேன். அப்ப சக்கரத்துல. இப்ப ஸ்டேரிங்க வலப்பக்கம் ஒடிக்கிறேன். பாரமெல்லாம் இடது சக்கரத்துல போயி உக்காரும். கூடுதா? கூடுது. இப்ப இடப்பக்கம். கொறையுதா? தலைய ஆட்டுறீங்க, கொறையுது. சரிதான். என் பாதத்துலயும் அப்படித்தான் சொல்லுது, தேனீ ஒண்ணு உள்ளங்காலுக்கு அடியில மாட்டிக்கிட்ட மாதிரி துருதுருங்குது.

ஆனா டயராக்கூட இருக்கலாம்க்கா. டயரு ஒரு பக்கமாத் தேஞ்சாலும் இதே மாதிரி கொர்ருன்னுதான் வரும். டயரா இருந்தா ஒண்ணுமில்ல, மாத்திப் போட்டுக்கலாம். டயராத்தான் இருக்கும். டயரா இருக்கணும். ஏன் இப்படிப் பாக்குறீங்க? இந்த ஸ்க்ரூடிரைவரா? பிடிய பல்லுல கடிச்சுக்கிட்டு முனைய இரும்புல ஊனுனா அதிர்வு தாடைக்கு வரும். இல்லக்கா, மத்தவங்க காதுலதான் வச்சுக் கேப்பாங்க. நான் இப்பல்லாம் பல்லுல வச்சுக்கிறேன். அதான் சொன்னேனே, புது முறை.

பனிக்குள்ள வந்துட்டோம். முன்னால மாடு நின்னாக்கூடத் தெரியாது. லைட்டப் போட்டுட்டேன். இந்த எடத்துல டிரைவருங்க என்ன சொல்லுவாங்க, தெரியுமா? பனியில கண்ணக் கடன் குடுத்துடு, காத வச்சுக்கோம்பாங்க. வளைவுல எதிர்ல வர்ற லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருவான். நாமளும் அடிக்கணும். இந்தா அடிக்கிறேன். அடிச்சுதா? சத்தம் நல்லா வந்துச்சா? சும்மாதான் கேட்டேன், ஹாரனும் ட்ரையல்ல சேத்திதான். நீங்க எதுக்கும் காதக் கூர்மையா வச்சுக்குங்க. ஏதாவது ஹாரன் கேட்டா ஒடனே என் கைய அமுக்குங்க. நான் சக்கரத்தக் கேக்கணும்ல, ரெண்டையும் ஒருத்தனே கேக்க முடியாதுல்ல.

எல்வா இன்னிக்கு மத்தியானம் வண்டி ஏறுறா, தெரியுமா? சித்தி வீட்டுல தங்கியிருந்தா, லீவு முடிஞ்சுது. கொரோய்கோ ஆஸ்பத்திரியில நாளைக்கு அவளுக்குக் காலை டூட்டி. ரூஃபோவோட சாம்பக் கலரு வண்டிதான். ரெண்டு மணிக்கு எடுப்பான். அந்த வண்டிக்கும் நாந்தான் வியாழக்கெழம பேரிங் போட்டேன். ரெண்டு பக்கமும். ரூஃபோவ உக்கார வச்சுக்கிட்டு இதே மாதிரி கும்ப்ரே வரைக்கும் வந்து, பேசிக்கிட்டே வந்து, பேசிக்கிட்டே திரும்பி, சிலுவையப் போட்டுக் குடுத்தேன். ரூஃபோ நல்ல மனுசன், எதுத்து ஒரு வார்த்த கேக்க மாட்டான். நீங்கதான் கொஞ்சம் கேள்வி கேக்குற ஆளு. அதனாலதான் உங்க வண்டியில எனக்கு, எப்படிச் சொல்றது, எனக்கே தெரிஞ்சுக்கணும்னு ஒரு இது. பாதம் போதுமா, கை போதுமான்னு. இந்த வண்டி சரியா இருந்தா எல்லாமே சரியா இருக்கும். அதிர்வு இப்ப கொஞ்சம் கூடுன மாதிரித்தான் தெரியுது, அது ரோடு மோசம், இங்க எப்பவும் தண்ணி ஓடி ரோடு அரிச்சு...

ஐயோ! விடுங்க! ஸ்டேரிங்க ஏன் புடுங்குறீங்க? அக்கா, விடுங்க... ஆண்டவரே! லாரி! ஆண்டவரே!

போயிட்டான். போயிட்டான்க்கா. நின்னுட்டோம். கண்ணாடி மட்டுந்தான் போச்சு, பக்கக் கண்ணாடி. உங்களுக்கு அடி படலையே? நெத்திய காட்டுங்க. ரத்தம் இல்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. மூச்சு விடுங்க. இந்தப் பக்கம் பள்ளம், எட்டிப் பாக்காதீங்க. ஒரு முழம் இருக்கு, போதும். ஒரு முழம் நெறையத்தான்.

இருங்க, இன்னும் கொஞ்சம் ஓரமா ஒதுக்கிக்கிறேன். மெதுவா. எறங்கி, கல்லு எடுத்துப் பின்சக்கரத்துக்கு வையுங்க. ரெண்டு கல்லு.

அப்படி அடிக்காதீங்கக்கா. அடிங்க, பரவால்ல, அடிங்க. ஆனா என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. வேகமாச் சொன்னா எனக்குப் புடிபடல. மெல்ல. எத்தன தடவ கத்துனீங்க? மூணு விரல். மூணு தடவ. அவனும் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தானா? ரொம்ப தூரத்துலேர்ந்தே? கைய அமுக்கச் சொன்னேனே. அமுக்குனீங்களா? ஆமா, அமுக்குனீங்க, நான் ஏதோ எல்வா நெனப்புல... மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடது.

ஒரு வாட வருதே, உங்களுக்கு வருதா? கிரீஸ் கருகுற வாட. மூக்கு நல்லாத்தான் இருக்கு. இருங்க, சக்கரத்து நடுவுல கைய வச்சுப் பாக்குறேன். ஸ்ஸ்! சுடுதுக்கா. அடுப்புல இருக்குற சட்டி மாதிரி சுடுது. வலது சக்கரம்? இது வெறும் வெதுவெதுப்புத்தான்.

பின்னால ஜாக்கி இருக்கும், எடுத்துக் குடுங்க. நீங்க நிக்கிற நெலமையில கேக்கக் கூடாது, ஆனாலும் எடுத்துக் குடுங்க. அந்தக் கம்பியும்.

என்ன கேக்குறீங்க? காது கேக்கலையான்னா? ஆமாக்கா. அந்தச் செவ்வாக்கெழமைலேர்ந்து ஒண்ணும் கேக்கல. ஜாக்கிய இப்படித் தள்ளுங்க, ஆங், அங்கதான். டாக்டருகிட்டப் போனேன், நரம்புன்னு ஒரு காயிதத்துல எழுதிக் காட்டுனாரு. அந்தக் காயிதம் சட்டப் பையிலதான் இருக்கு. வீட்டுல நான் ஒத்த ஆளு, யாருக்குத் தெரியப் போவுது? எலோய்கிட்ட சொல்லாதீங்க. தங்கமான பய, தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சுடுவான். அவன் மேல தப்பில்ல. பூமித்தாய் நாள்ல ஸ்பேனரத் தொட்டது நாந்தான். ஊருல தெரிஞ்சா அதத்தான் சொல்லுவாங்க, அவ காதக் கேட்டா, இவன் குடுத்துட்டான்னு. சொல்லிட்டுப் போகட்டும். எனக்குப் பயம் அது இல்ல. காது போன செவேரோகிட்ட எவன் வண்டிய விடுவான்? அந்தப் பயந்தான் மொதல்ல. அதனாலதான் இம்புட்டுப் பேச்சு. நான் பேசிக்கிட்டே இருந்தா மத்தவங்க வாயத் தொறக்க மாட்டாங்கல்ல. அவங்க வாயத் தொறக்கலன்னா எனக்குக் கேக்கலங்கறது யாருக்கும் தெரியாதுல்ல.

பதினோரு வண்டிக்கு சிலுவை போட்டிருக்கேன், அன்னிலேர்ந்து. ஏழு, சின்னச் சின்ன வேல. நாலு வண்டிக்கு பேரிங்கு. சத்தம் மாறுற எடத்துல நிறுத்தணும்னு சொன்னேன்ல? அந்த எடம் எனக்கு வரவே இல்லக்கா. குத்துமதிப்பா நிறுத்துனேன். கைக்கு எறுக்கமாத் தெரிஞ்சுது, சரியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னு ஒரு மெக்கானிக் சொல்லலாமா? வேண்டிக்கிட்டேன், அதான் உண்மை.

சக்கரம் தரைய விட்டுடுச்சு. இப்ப நான் கையால சுத்துறேன். நீங்க இப்படி ஒக்காந்து காதக் கிட்டக் குடுங்க. லேசான உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்தா நல்லது, அது டயருதான். மணல் அரையுற மாதிரி வந்தா நான் சாஸ்தியா முறுக்கிட்டேன், பேரிங் கருகிடுச்சு. இந்தா, சுத்துறேன். கேளுங்க.

அழுவாதீங்கக்கா. அழுதா வாய் கோணிப்போவுது, என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியல. தலைய மட்டும் ஆட்டுங்க. மணலா?

இன்னொரு தடவ சுத்துறேன். நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. மணலா?

சரி.

அப்ப அந்த நாலுலயும் மணல்தான்.

மணி என்ன? ஒண்ணு நாப்பத்தஞ்சு. ரூஃபோ ரெண்டுக்கு எடுப்பான், ஆள் நெறஞ்சா முன்னாடியே எடுத்துடுவான். இந்தாங்க என் போனு, இந்தத் திட்டு மேல ஏறுனா சிக்னல் கெடைக்கும். எழுதி அனுப்புனா வண்டி ஓட்டுறவன் படிக்க மாட்டான், கூப்புட்டாத்தான் எடுப்பான். மொதல்ல ரூஃபோ. அப்புறம் எல்வா, எறங்கிடுன்னு சொல்லுங்க, உங்க பேச்சக் கேப்பா. அப்புறம் ஸ்டாண்டு, என் சிலுவை இருக்குற ஒரு வண்டியும் நகரக் கூடாதுன்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா காரணத்தையும் சொல்லிடுங்க. அடிங்கக்கா, சீக்கிரம். இனிமே நீங்கதான் பேசணும்.